ஷ்ஷ்... டீச்சர் முட்டாளாக நடிக்கிறார்!

மேசைமேல் பிளாஸ்டிக் விரிப்பு. அதன்மேல் ஒரு பாக்கெட் பிரெட், ஒரு ஜாம் பாட்டில், மழுங்கின கத்தி ஒன்று. ஏப்ரன் கட்டிய டீச்சர். எதிரே தரையில் சம்மணமிட்டு முப்பது வாண்டுகள், எல்லோருக்கும் ஐந்து ஆறு வயது. சமையல் வகுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இது கம்ப்யூட்டர் வகுப்பு. கம்ப்யூட்டரைத்தான் எங்கேயும் காணோம்!

"நான் ஒரு ரோபோ. எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீங்க சொல்றதை மட்டும் செய்வேன். ஜாம் சாண்ட்விச் எப்படிப் பண்றது?"

"பிரெட் மேல ஜாமை வைங்க மிஸ்!"

மிஸ் ஜாம் பாட்டிலைத் தூக்குகிறார். மூடியைக்கூடத் திறக்காமல், பிரித்திராத பிரெட் பாக்கெட்டின் மேல் அப்படியே நிறுத்திவைக்கிறார். வகுப்பு கூரை பிய்ந்துபோகும் அளவுக்குச் சிரிக்கிறது. "ஐயோ, மூடியைத் திறங்க! பாக்கெட்டைத் திறங்க!" திறக்கிறார். எப்படித் திறப்பது என்று யாரும் சொல்லவில்லையே. நடுவில் பிடித்து டர்ரென்று கிழிக்கிறார், துண்டுகள் மேசையெல்லாம் பறக்கின்றன. "கத்தியால ஜாமை எடுங்க!" கத்தியைத் தலைகீழாகப் பிடித்துப் பிடியை பாட்டிலுக்குள் விடுகிறார். ஒரு பையன் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உருள்கிறான்.

இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் இது பெயர்பெற்ற பாடம். குழந்தைகள் பார்ப்பது முன்மேடை. நாம் பின்பக்கமாக நுழைவோம், வாருங்கள். மேசைக்கு அடியில் இன்னொரு பிரெட் பாக்கெட் ஒளிந்திருக்கிறது, ஈரத் துணி இருக்கிறது. ஏன் ஜாம், கடலை வெண்ணெய் ஏன் இல்லை? அங்கே பல பள்ளிகளில் கடலைக்குத் தடை. யாராவது ஒரு குழந்தைக்கு ஒவ்வாமை இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமான முன்தயாரிப்பு ஒன்று உண்டு. குழந்தைகள் எந்தெந்த வார்த்தையில் சறுக்குவார்கள் என்று யோசித்து, அந்தந்த இடத்தில் எப்படி முட்டாளாவது என்று டீச்சர் ஒத்திகை பார்த்திருக்கிறார். முட்டாளாக நடிப்பது லேசான வேலையா? புத்திசாலிக்குக் கை தானாகவே மூடியைத் திறந்துவிடும். அதை அடக்கப் பயிற்சி வேண்டும்.

என் கட்சி இதுதான்: சின்னப் பிள்ளைகளுக்கு கோடிங் கற்றுக்கொடுக்கும் கலை என்பது தரமான முட்டாள்களைத் தயாரிக்கும் கலை. எழுந்திரு, பல் தேய், வரிசையில் நில், வாயை மூடு என்று காலையிலிருந்து இரவுவரை பிறர் கட்டளையிலேயே வாழ்கிற ஆறு வயசுக்கு, முதல்முறையாகத் தன்னைவிட விவரமில்லாத ஒருவர் கிடைக்கிறார். அந்த ஆளை அதட்டி வேலை வாங்கலாம். அந்தச் சுகம் இருக்கிறதே!

தமிழர்களுக்கு இதெல்லாம் பழங்கதை என்று நான் கொஞ்சம் மார்தட்டிக்கொள்ள அனுமதி வேண்டும். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை நினைத்துப் பாருங்கள். குதிரையில் போகிற குருவின் தலைப்பாகை கீழே விழுகிறது. சீடர்கள் எடுக்கவில்லை, ஏனென்றால் எடுக்கச் சொல்லவில்லை. விழுவதையெல்லாம் எடுங்கள் என்கிறார் குரு. குதிரைச் சாணத்தை பயபக்தியோடு ஏந்திக்கொள்கிறார்கள். சரி, எடுக்க வேண்டியவற்றுக்கு ஓலையில் பட்டியல் எழுதித் தருகிறார். பிறகு குருவே குழியில் விழுகிறார். சீடர்கள் ஓலையைப் பார்த்து வேட்டி, தலைப்பாகை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, குருவை மட்டும் வெறும் உடம்போடு குழியிலேயே விட்டுவிடுகிறார்கள். பட்டியலில் குரு இல்லையே! கடைசியில் குழிக்குள் கிடந்தபடியே அவர் ஒரு வரி சேர்த்து எழுதிக்கொடுத்த பிறகுதான் தூக்குகிறார்கள். கட்டளை, பிழை, திருத்தம், மறுபடியும் பிழை, அவசரத் திருத்தம்: ஒரு மென்பொருள் நிறுவனத்தின் ஒரு வாரம் முழுக்க இந்தக் கதைக்குள் இருக்கிறது. இந்தக் கதை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1822-இல் லண்டனில் அச்சானது. அதே இங்கிலாந்து தன் குழந்தைகளுக்குக் கோடிங்கைப் பாடமாக வைக்க 2014 வரை ஆயிற்று.

அந்த 2014 எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் அங்கே கம்ப்யூட்டர் பாடம் என்றால் பெரும்பாலும் வேர்டில் கடிதம் அடிப்பது, பவர்பாயிண்டில் படம் ஓட்டுவது. 2011 ஆகஸ்டில் கூகுளின் எரிக் ஷ்மிட் எடின்பரோவில் பேசும்போது இதைக் கடுமையாகக் குறை சொன்னார். 2012 ஜனவரியில் கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் பழைய பாடத்தை மாற்றப்போவதாக அறிவித்தார். 2014 செப்டம்பரில் புதிய பாடத்திட்டம் அமலுக்கு வந்தது. ஐந்து வயதில் தொடங்கி, வழிமுறை என்றால் என்ன, சின்னச் சின்ன புரோகிராம் எழுதுவது, அதில் பிழை கண்டுபிடித்துத் திருத்துவது, இது ஓடினால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகிப்பது எல்லாம் அதில் உண்டு.

கேட்க ஜோர். ஆனால் தொடக்கப் பள்ளியில் ஒரு வகுப்புக்கு ஒரே டீச்சர்தான். கணக்கு, வரலாறு, ஓவியம், உடற்பயிற்சி எல்லாவற்றையும் எடுக்கிற அதே மனுஷிதான் இனி கோடிங்கும் எடுக்க வேண்டும். தன் வாழ்நாளில் ஒரு வரி கோட் எழுதியிராதவர்கள் அவர்களில் ஏராளம். முந்தின நாள் இரவு படித்ததை மறுநாள் காலை நடத்தினார்கள். அறிவியலாளர் அமைப்பான ராயல் சொசைட்டி 2017-இல் நிலைமையை ஆராய்ந்து, ஒரு பள்ளியில் நன்றாகவும் இன்னொன்றில் அரைகுறையாகவும் இருக்கிறது என்கிற பாணியில்தான் எழுதியது. ஆச்சரியமே இல்லை. ஆனால் இதில் ஒரு வேடிக்கை நடந்தது. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள முடியாத டீச்சர், "எனக்கும் தெரியலையே, வா பார்ப்போம்" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். பாதி நேரம் அந்த முட்டாள்தனம் நடிப்பே இல்லை!

சரி, அடுத்த அறைக்குப் போவோம். அலமாரியைத் திறந்தால் பிளாஸ்டிக் தேனீக்கள். பெயர் பீ-பாட். மஞ்சளும் கறுப்புமாகக் கொழுகொழுவென்று, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. முதுகில் பொத்தான்கள்: முன்னே, பின்னே, இடம், வலம், நடுவில் 'கோ'. திரையும் கிடையாது, விசைப்பலகையும் கிடையாது. பொத்தான்களை வரிசையாக அழுத்தி 'கோ'வைத் தட்டினால், கொடுத்த கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றும். ஓர் அடி என்றால் சரியாக 15 சென்டிமீட்டர். தரையில் விரிக்கும் விரிப்பின் கட்டங்களும் அதே அளவு. விரிப்புகள் பல வகை: கடற்கொள்ளையர் தீவு, ஆங்கில எழுத்துகள், ஊர்த்தெரு. வேலை முடிந்ததும் கண்ணைச் சிமிட்டி ஒரு 'பீப்' வேறு போடும். செல்லம்!

இந்தத் தேனீயிடம் இரண்டு சூழ்ச்சிகள் உண்டு. முதலாவது, இடப்பக்கப் பொத்தான். அதை அழுத்தினால் தேனீ இடப்பக்கம் நகரும் என்று எல்லாப் பிள்ளைகளும் அடித்துச் சொல்வார்கள். நகராது. நின்ற இடத்திலேயே திரும்பும், அவ்வளவுதான். பக்கத்துக் கட்டத்துக்குப் போக வேண்டுமானால் திரும்பச் சொல்லி, அப்புறம் முன்னே போகச் சொல்ல வேண்டும். தேனீ நம்மைப் பார்த்து நிற்கும்போது அதன் இடது எது, நம் இடது எது என்ற கலவரம் இன்னொரு பக்கம். அதற்குக் குழந்தைகளே ஒரு வழி கண்டுபிடிப்பார்கள்: எழுந்து போய்த் தேனீயின் பின்னால், அது பார்க்கிற திசையில் தாங்களும் திரும்பி நின்றுகொள்வார்கள்.

இரண்டாவது சூழ்ச்சி இன்னும் சுவாரசியம். தேனீக்கு ஞாபகம் உண்டு. பழைய கட்டளைகளை அழிக்க 'எக்ஸ்' என்றொரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தாமல் புதிய கட்டளைகளைக் கொடுத்தால், முந்தினவன் சொன்னதையெல்லாம் செய்துவிட்டுத்தான் உங்களுடையதைத் தொடங்கும். ஒரு சிறுமி "ரெண்டு அடி முன்னே" என்று அழுத்திவிட்டுப் பெருமையாக நிற்கிறாள். தேனீ மூன்று அடி போய், வலப்பக்கம் திரும்பி, யாருடைய காலிலோ முட்டிக்கொண்டு, அதற்குப் பிறகு இரண்டு அடி போகிறது. "இது கெட்டுப்போச்சு மிஸ்!" மிஸ்ஸுக்கு விஷயம் தெரியும். சொல்ல மாட்டார். எந்தக் குழு தானாகக் கண்டுபிடிக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தத் தேனீக்கு ஒரு பாட்டன் உண்டு: ஓர் ஆமை. 1967-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வாலி ஃபயர்சைக், சீமோர் பாப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்கென்றே லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். ஒரு கம்ப்யூட்டர் ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்ற காலம் அது. அதைக் குழந்தை கையில் கொடுக்க வேண்டும் என்று சொன்னவர்களை எல்லோரும் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசியுங்கள். சில ஆண்டுகளில் லோகோவின் கட்டளைக்குத் தரையில் ஊர்ந்து பேனாவால் கோடு போடும் ஓர் இயந்திர ஆமை வந்தது, பிறகு அது திரைக்குள் குடியேறியது. 'ஆமை' என்ற பெயர் இன்னும் பழையது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் 1940-களின் கடைசியில் எல்மர், எல்சி என்று சக்கரம் வைத்த இரண்டு ரோபோக்களைச் செய்து 'ஆமைகள்' என்று அழைத்தார். ஆக இங்கிலாந்து ஆமை அமெரிக்கா போய், கோடிங் கற்றுக்கொண்டு, தேனீயாக ஊர் திரும்பியிருக்கிறது!

பாப்பர்ட் ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் பியாஜேயிடம் வேலை பார்த்தவர், குழந்தை எப்படி யோசிக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவர். சதுரம் போட ஆமைக்கு என்ன சொல்வது என்று தெரியாத பிள்ளையிடம் அவர் சொன்ன வழி: நீயே ஆமையாகி நட. நாலு அடி, திரும்பு, நாலு அடி, திரும்பு. தேனீக்குப் பின்னால் போய் நிற்கும் அந்தக் குழந்தைகளுக்கு பாப்பர்ட் யாரென்றே தெரியாது. செய்வது அவர் சொன்னதைத்தான். இதில் ஒரு ரகசியப் பொறியும் உண்டு. முக்கோணத்துக்கு மூலை 60 டிகிரி என்று கணக்கு வகுப்பில் படித்த பிள்ளை, ஆமையை 60 திரும்பச் சொல்லி மூன்று கோடு போட்டுப் பார்க்கும். முக்கோணம் மூடாது. ஆறு முறை போட்டால் அழகான அறுகோணம் வந்து நிற்கும். ஆமை திரும்ப வேண்டியது 120. வெளிக்கோணத்தைக் கரும்பலகையில் எழுதிப் புரியவைக்க எத்தனை வாத்தியார்கள் எத்தனை சாக்பீஸைத் தேய்த்தார்கள்!

இதுவரை டீச்சரும் முட்டாள், தேனீயும் முட்டாள், ஆமையும் முட்டாள். ஒரே ஒரு காட்சியில் மட்டும் டீச்சர் மந்திரவாதி ஆவார். அதையும் போட்டுடைத்துவிடுகிறேன்.

நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்து டிம் பெல்லும் நண்பர்களும் கம்ப்யூட்டரே இல்லாமல் கணினியியல் சொல்லித்தரும் விளையாட்டுகளைத் திரட்டினார்கள். அதில் இது நட்சத்திர உருப்படி. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளையாக அட்டைகள். ஒரு குழந்தை வந்து ஐந்துக்கு ஐந்து என்று 25 அட்டைகளை இஷ்டத்துக்குப் பரப்புகிறது. "ரொம்ப சுலபமா இருக்கே, இன்னும் கஷ்டமாக்கட்டுமா?" என்று டீச்சர் பந்தாவாக ஒரு வரிசையும் ஒரு பத்தியும் கூடுதலாக அடுக்குகிறார். இப்போது ஆறுக்கு ஆறு. டீச்சர் கண்ணை மூடித் திரும்பி நிற்க, குழந்தை ஒரே ஓர் அட்டையைப் புரட்டிவைக்கிறது. டீச்சர் திரும்புகிறார், ஒரு நொடி பார்க்கிறார், விரலை வைக்கிறார். அதே அட்டை! "ஜன்னல் கண்ணாடியில பார்த்துட்டாங்க!" "இவன் ஜாடை காட்டினான்!" ஜன்னலை மூடச் சொல்கிறார்கள், சந்தேகத்துக்குரியவனை வெளியே அனுப்புகிறார்கள். மறுபடியும் சரியாகச் சொல்கிறார்.

திரைக்குப் பின்னால் நடந்தது இதுதான். "கஷ்டமாக்கட்டுமா" என்று சேர்த்த 11 அட்டைகளில்தான் சூதே இருக்கிறது. ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு பத்தியிலும் கறுப்பு இரட்டைப்படையாக வரும்படி அவர் அடுக்கியிருக்கிறார். ஓர் அட்டையைப் புரட்டினால் ஒரு வரிசையும் ஒரு பத்தியும் ஒற்றைப்படை ஆகிவிடும். அவை இரண்டும் சந்திக்கும் இடம்தான் குற்றவாளி. கணினிகள் தகவல் அனுப்பும்போது வழியில் ஏதாவது கெட்டுப்போனால் கண்டுபிடிப்பதற்கு ஆதாரமான யோசனை இதுவே. சோப்பு உறையின் பார்கோடில் இருக்கும் கடைசி இலக்கமும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான், மற்ற இலக்கங்களைக் காவல் காப்பது அதன் வேலை. இன்று ராத்திரியே சீட்டுக்கட்டை எடுத்து வீட்டில் செய்து பாருங்கள். ரகசியத்தை ஒரு நாளாவது சொல்லாமல் இருங்கள், பிள்ளைகள் தூங்க மாட்டார்கள்.

இப்போதுதான் லேப்டாப் வண்டி உருண்டு வருகிறது. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள். முதல் கால் மணி நேரத்தில் கோடிங் எதுவும் நடக்காது. நடப்பது பாஸ்வேர்ட் வேட்டை. ஒன்றில் சார்ஜ் இல்லை, இன்னொன்றில் ஓர் எழுத்தையே காணோம். விவரமான டீச்சர் பாஸ்வேர்டுகளை அட்டையில் அச்சடித்துத் தன் பையில் வைத்திருப்பார். ஒருவழியாகத் திரை திறக்கிறது. நடுவில் ஓர் ஆரஞ்சுப் பூனை!

இந்தப் பூனை வசிக்கும் கோடிங் மென்பொருளின் பெயர் ஸ்கிராட்ச். 2007-இல் வெளிவந்தது, அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு செய்தது. நம் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்திலும் இதே பூனைதான் வருகிறது. அதை ஏன் ஐந்தாம் வகுப்புக்கு இறக்கக் கூடாது என்பது என் நீண்டநாள் ஆதங்கம். ஸ்கிராட்சின் அமைப்பே நாடகக் கொட்டகைதான்: மேடை உண்டு, பின்திரை உண்டு, பூனைக்கு உடைகள்கூட உண்டு. பூனையின் ஒப்பனை அறைக்குள் எட்டிப் பார்த்தால் இரண்டே உடைகள்: ஒரு காலை முன்வைத்த பூனை, மறுகாலை முன்வைத்த பூனை. இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினால் பூனை நடக்கிறது. அட, இவ்வளவுதானா சினிமா!

கட்டளைகள் எல்லாம் வண்ண வண்ணக் கட்டைகள். இழுத்துக் கோத்தால் போதும், எழுத்துப் பிழை வர வழியே இல்லை. பொருந்தாதது ஒட்டாது. அறுகோணக் குழியில் 'உண்மையா, பொய்யா' வகைக் கட்டை மட்டுமே உட்காரும். எனக்கு மிகப் பிடித்த நுணுக்கம், 'எப்போதும்' என்கிற கட்டையின் அடிப்பாகம். பெரும்பாலான கட்டைகளில் அடியில் ஒரு குமிழ் இருக்கும், அடுத்த கட்டையைக் கோப்பதற்கு. இதற்கோ வழவழவென்று தட்டையாக விட்டிருக்கிறார்கள். எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கப்போகிற ஒன்றுக்கு 'அடுத்தது' ஏது?

டீச்சர் இங்கே சும்மா காத்திருப்பார், என்ன நடக்கும் என்று அவருக்கு அத்துப்படி. முதல் ரகளை சத்தம். ஒருவன் 'எப்போதும்' கட்டைக்குள் 'மியாவ்' ஒலியைச் செருகுவான். ஒவ்வொரு சுற்றிலும் ஒலி புதிதாகத் தொடங்கும். 'மியாவ்' முடியவே முடியாது, 'மி-மி-மி-மி' என்று திக்கும். பத்து வினாடியில் முப்பது லேப்டாப்பும் திக்கும். இரண்டாவது, 'பத்து அடி நட' என்பதில் பத்தை அழித்துவிட்டு 99999 என்று அடிப்பது. இந்தப் பிள்ளைகளுக்கு வரம்பைச் சோதிக்காமல் இருப்புக் கொள்ளாது. பூனை ஒரே பாய்ச்சலில் ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். மேடையைவிட்டு முழுசாக ஓடிவிட ஸ்கிராட்ச் விடாது, வால் நுனியாவது தெரியும். மூன்றாவது, சோகம்: 'மறை' கட்டையை இழுத்துவிட்டு "என் பூனை செத்துப்போச்சு!" என்று கண்கலங்குவது.

நான்காவதுதான் உச்சகட்டம். ஓரத்தில் முட்டினால் திரும்பி வரச் சொல்லும் கட்டை ஒன்று உண்டு. கோத்து ஓட்டினால் பூனை வலது ஓரத்தில் முட்டி, திரும்பி, தலைகீழாக நடந்துவரும்! கால்கள் ஆகாயத்தில், முகத்தில் அதே புன்னகை. காரணம் சாதாரணம்: 180 டிகிரி திரும்பு என்றால் முழுசாகச் சுழன்றுவிடுகிறது. இடம்-வலம் மட்டும் பார் என்று தனியாகச் சொல்ல வேண்டும். இந்தத் திருத்தம் டீச்சரின் பாடக்குறிப்பில் முதல்நாளே எழுதப்பட்டிருக்கும். ஆனால் திருத்தச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் மறுத்துவிடுவார்கள். தலைகீழ்ப் பூனைதான் வேண்டுமாம்.

இதற்கிடையே திருட்டுத்தனமாக ஒரு கணக்குப் பாடமும் உள்ளே வந்துவிடுகிறது. மேடை 480 அகலம், 360 உயரம், நடுப்புள்ளி பூஜ்யம். இடது கோடி -240. இங்கிலாந்தின் கணக்குப் பாடத்திட்டப்படி குறை எண்களும் சேர்ந்த நான்கு கால்பகுதி வரைபடம் ஆறாம் ஆண்டில், அதாவது பத்து வயதுக்கு மேல்தான் வருகிறது. பூனையை இடது மூலைக்கு ஓட்ட வேண்டிய எட்டு வயதுக்கு அதுவரை பொறுமை ஏது? "பூஜ்யத்துக்கு அந்தப் பக்கமும் நம்பர் இருக்குடா!" என்று பக்கத்து நாற்காலிக்குச் செய்தி பரவுகிறது.

சில மேசைகளில் மஞ்சள் ரப்பர் வாத்து ஒன்று உட்கார்ந்திருக்கும். அலங்காரம் என்று நினைக்காதீர்கள், அதுதான் இந்தக் கூட்டத்தின் தலைமை முட்டாள். புரோகிராம் ஓடவில்லையா? டீச்சரைக் கூப்பிடும் முன், ஒவ்வொரு கட்டையாக வாத்துக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். "பாரு வாத்து, இங்க பூனை நடக்கும், அப்புறம்..." பாதியிலேயே குரல் நின்று, கண் விரிந்து, கை மவுஸுக்கு ஓடும். பெரிய பெரிய புரோகிராமர்களே செய்கிற வேலை இது. 1999-இல் வந்த 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' என்ற புத்தகத்திலிருந்து பிரபலமானது.

ஆறு வயதில் ஆப், பத்து வயதில் கம்பெனி என்று ஆசைகாட்டும் கோடிங் விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த வாத்து ஞாபகம்தான் வரும். அந்த விளம்பரங்களில் எல்லாக் குழந்தைகளும் கண்ணாடி போட்டுக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படி ஓர் அமைதியான கோடிங் வகுப்பு எங்கேயாவது நடந்தால், அங்கே கோடிங் நடக்கவில்லை என்று தாராளமாகச் சந்தேகப்படலாம்.

பருவ முடிவில் பெற்றோரை அழைத்துக் காட்டும் நாள் வரும். லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கத்துப் பள்ளி என்றால் அந்தப் பெற்றோரில் நம்மவர்களும் இருப்பார்கள். வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ வேலை பார்க்கும் ஓர் அப்பா, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் மண்டியிட்டு, தேனீயைக் கையில் வாங்கிக்கொள்கிறார் என்று வையுங்கள். இடது கட்டத்துக்குப் போக வேண்டும். இடப்பக்கப் பொத்தானை அழுத்துகிறார், 'கோ'வைத் தட்டுகிறார். தேனீ அவருக்கு முன்னால் விளையாடிய வேறொரு அப்பாவின் கட்டளைப்படி நான்கு அடி ஓடி, கொள்ளையர் தீவைக் கடந்து, கடைசியில் நின்ற இடத்திலேயே ஒரு திரும்பு திரும்பி, கண்ணைச் சிமிட்டுகிறது.

"இது ரிப்பேர்மா," என்கிறார் அப்பா.

மகள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொல்கிறாள்: "ரிப்பேர்லாம் இல்லப்பா. முதல்ல எக்ஸ அழுத்துங்க. அப்புறம் எழுந்து இந்தப் பக்கம், அது பின்னாடி வந்து நில்லுங்க."